கிராஸ்டர் போன கதை: எங்க வீட்டு குரூப்பில்

*வெள்ளி இரவு*

கவிதா: ஞாயித்துக்கிழமை மழை இல்லையாம். அம்மா இங்கிலாந்து வந்து மூணு வாரமாச்சு, நியூகாசில்ல கடையும் வீடும்தான் பாத்திருக்காங்க. கடலோரம் கூட்டிட்டுப் போலாமா?

செந்தில்: ஹோலி ஐலண்ட் போலாம். பழைய மடம் இருக்கு, அம்மாவுக்குப் பிடிக்கும்.

கவிதா: அண்ணா, கடல் ஏறினா அந்தத் தீவுக்குப் போற ரோடே தண்ணிக்குள்ள போயிடும், தினம் ரெண்டு தடவை. கவுன்சில் போடுற நேரம் பாத்துத்தான் கடக்கணும். ஞாயிறு நடுப்பகல்ல மூடியிருக்கு. அம்மாவை மணி பாத்து விரட்ட எனக்கு மனசில்ல.

அனிதா: அத்தைக்கு முழங்கால் வலி வேற. போன வருஷம் ராபின் ஹூட்ஸ் பேல அந்தச் செங்குத்துத் தெருவுல எனக்கே மூச்சு வாங்குச்சு.

கவிதா: அதான் அண்ணி, கிராஸ்டர்னு கடலோர மீன்பிடி ஊரைச் சொல்றேன். அங்கிருந்து டன்ஸ்டன்பரோ கோட்டைக்கு 2 கி.மீ. வழி முழுக்கப் புல்லு, பக்கத்துலயே கடல், ஆடு மேயும். கோட்டைகிட்ட மட்டும்தான் கொஞ்சம் ஏத்தம். நடந்து போனாத்தான் உண்டு, கார் போகாது. கோட்டை தூரத்துல சின்னதாத் தெரிஞ்சு கொஞ்சம் கொஞ்சமாப் பெருசாகும், அதை அம்மா பாக்கணும்.

அருண்: பாட்டி, அது 1313ல கட்ட ஆரம்பிச்சது. லங்காஸ்டர் பிரபு தாமஸ் கட்டினார். ராஜா 2ஆம் எட்வர்டுக்குச் சித்தப்பா மகன். ராஜாவை எதிர்த்துச் சண்டை போட்டு, 1322ல தலையை வெட்டிட்டாங்க.

அம்மா: பங்காளிச் சண்டையா. எல்லா ஊர்லயும் இருக்கு. தண்ணி, புளிசாதம் நான் கட்டுறேன்.

*ஞாயிறு இரவு*

ரமேஷ்: டூட்டி இப்பத்தான் முடிஞ்சுது. அத்தை நடந்தாங்களா?

கவிதா: கோட்டை வரைக்கும் போய்த் திரும்பியும் நடந்தே வந்தாங்க! நடுவுல மூணு இடத்துல உக்காந்தாங்க. அண்ணனும் அருணும் மட்டும் எம்பிள்டன் மணலைத் தாண்டி லோ நியூட்டன் வரை போனாங்க.

செந்தில்: மாப்ள, அந்த ஊர்ல நடுவுல புல்தரை, மூணு பக்கமும் வெள்ளை வீடு, நாலாவது பக்கம் கடல். அவ்வளவுதான் ஊரே. வர மனசே இல்ல.

அருண்: மாமா, கோட்டைக்கு அடியில இருக்கிற கறுப்புப் பாறை பேரு வின் சில். சுமார் 29.5 கோடி வருஷம் முன்னாடி நெருப்புக் குழம்பு பூமிக்குள்ள பரவி இறுகினது. ரோமர்கள் கட்டின ஹேட்ரியன் சுவரும் பல இடத்துல இதே பாறை மேலதான் போகுது. கிராஸ்டர்ல நாம கார் நிறுத்தினோமே, அது இந்தக் கல்லை வெட்டின பழைய குவாரி.

அனிதா: வடக்குப் பக்கப் பாறை முழுக்க கிட்டிவேக் பறவைக் கூடு. ஒரே சத்தம். அத்தை அங்கதான் ரொம்ப நேரம் நின்னாங்க.

ரமேஷ்: கிப்பர் வாங்கினீங்களா?

அம்மா: வாங்கினோம் மாப்பிள்ளை. ஹெரிங் மீனாம். முதுகுப் பக்கம் பிளந்து, உப்புத் தண்ணில போட்டு, ஓக் மரத்தூள் புகையில தொங்கவிடுறாங்க. நம்ம நாகப்பட்டினத்துல கருவாட்டுக்கு வெயில் இருக்கு. இங்க வெயிலை நம்பி மீனைப் போட முடியுமா, அதான் புகை. குழம்பு வைக்காதீங்க, புகை வாசம் போயிடும். சும்மா வாட்டி சோத்துக்குத் தொட்டுக்குங்க.

கவிதா: வரும்போது அம்மா துறைமுகச் சுவர்ல உக்காந்து படகையே பாத்துட்டு இருந்தாங்க.

அம்மா: முன்னாடி நல்லா உசந்து, பின்னாடி தட்டையா ஒரு படகு இருந்துச்சே, அது என்னது?

அருண்: கோபிள், பாட்டி. மணல்லேர்ந்தே கடல்ல இறக்குற படகு. மூக்கு அலையைப் பாத்து இருக்கும், கரைக்கு வரும்போது பின்பக்கமா ஏத்துவாங்க.

அம்மா: அதானே. அக்கரைப்பேட்டையில எங்கப்பாகூட நின்னு படகு தள்ளுறதைப் பாத்தவ நான். பாத்ததுமே நெனச்சேன், இது மணல்ல இழுக்குற படகுதான்னு. கவிதா, அடுத்த வாரம் அந்தத் தீவுக்குப் போலாம். ரோடு எத்தனை மணிக்குத் திறக்கும்னு இப்பவே பாத்து வை.