கையால் செய்த கப்பும் வீட்டுக்கு வருபவர்களும்: உங்கள் அனுபவம் என்ன?

கையால் செய்த தட்டு, கிண்ணம், கப் என்று எதையாவது தினமும் புழங்குகிறவர்கள், அதில் யாருக்காவது கொடுத்தபோது நடந்ததை எழுதுங்களேன். முதலில் என்னுடையது.

எங்கள் வீட்டில் இருக்கும் டீ கப்புகள் எல்லாம் ஒரே குயவர் செய்த ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் சுட்ட கெட்டியான மண் பாத்திரம். ஒரே செட்தான், ஆனால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஒன்றுக்கு வாய் கொஞ்சம் அகலம், இன்னொன்றின் அடிப்பக்கம் கிளேஸ் (மேலே பூசிச் சுடும் கண்ணாடி போன்ற பூச்சு) வழிந்து ஒரு சொட்டாகவே உறைந்து நிற்கிறது, வேறொன்றில் ஈரமாக இருக்கும்போது அவர் அழுத்திய விரல் தடம் ஒரு பள்ளமாகப் பதிந்திருக்கிறது. அடிக்கடி வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்றைத் தனதாக்கிக்கொண்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு விரல் மூட்டு வலி, கப்பின் காதைப் பிடித்துத் தூக்க முடியாது, அந்தப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து இரண்டு கையாலும் ஏந்திக் குடிப்பார். "என் கப் காலியா இருக்காம்மா?" என்று வாசலிலேயே கேட்பார். அந்தக் கேள்விக்காகவே அதை யாருக்கும் கொடுக்காமல் கழுவித் துடைத்து வைத்துவிடுவேன்.

நல்ல சாமான்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்து, விசேஷத்துக்கு மட்டும் எடுப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவருக்கும் அதையே கொடுக்க வேண்டும், அவருக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

*

நான் மண் வேலை கற்றுக்கொள்கிறேன், அதனால் அந்தக் காதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். கப்பைச் சக்கரத்தில் இழுத்து எடுத்ததும் காதை ஒட்டிவிட முடியாது. இரண்டும் தோல் பதத்துக்கு, அதாவது கொஞ்சம் ஈரம் இருந்தாலும் வடிவம் கலையாத அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும், அதுவும் ஏறக்குறைய ஒரே ஈரத்தில். ஒட்டும் இடத்தை இரண்டு பக்கமும் கீறி, மண் கூழ் தடவி அழுத்துவோம். ஈரம் வித்தியாசப்பட்டால் காயும்போது ஒன்று அதிகம் சுருங்கி, ஒட்டிய இடத்தில் விரிசல் விடும். அப்புறம் மெதுவாக உலர்த்தி, பொதுவாக 1000 டிகிரி செல்சியஸை ஒட்டி ஒரு முறை சுட்டு, கிளேஸில் முக்கி, ஸ்டோன்வேர் என்றால் 1200-லிருந்து 1300 டிகிரிக்குள் மறுபடி சுட வேண்டும். கப்பைக் கவிழ்த்துப் பாருங்கள், அடி வளையத்தில் மட்டும் கிளேஸ் இருக்காது. இருந்தால் உருகிச் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

நான் செய்த முதல் கிண்ணங்களில் வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பரிமாறியபோது, ஒருவர் காலி செய்துவிட்டுக் கிண்ணத்தின் உள்பக்கம் ஓடும் சுழி வரிகளை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பாராட்ட வேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

*

உடைந்ததைப் பற்றி யாராவது எழுத வேண்டுமே. ஒரு தோழி சாப்பிட்ட தட்டை நானே கழுவுகிறேன் என்று எடுத்துப் போனாள், கை வழுக்கி விழுந்து இரண்டாகிவிட்டது. அவள் முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், முதலில் கையில் பட்டதா என்று பார்த்தேன். செய்தவரிடமே இன்னொன்று கேட்டோம். சுட்டு முடிவதற்குள் மண் பத்தில் ஒரு பங்குக்கு மேல்கூடச் சுருங்கும், அதனால் அச்சு அசலாக அதே அளவு வரும் என்று சொல்ல மாட்டேன் என்றார். வந்தது கொஞ்சம் சிறியது, நிறமும் ஒரு சாயல் கூடுதல். தோழி வந்தால் அதில்தான் பரிமாறுகிறேன், அவளும் கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.

*

அலமாரி விஷயத்தில் முதல் பதிவோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஜப்பானில் யனாகி சோயெட்சு 'மிங்கெய்' (மக்கள் கைவினை) என்ற இயக்கத்தை முன்னெடுத்தபோது சொன்னதே, பெயர் தெரியாத கைவினைஞர்கள் அன்றாடப் புழக்கத்துக்குச் செய்த சாமான்களில்தான் அழகு இருக்கிறது என்பது. அவற்றுக்காக 1936-ல் டோக்கியோவில் ஓர் அருங்காட்சியகமே திறந்தார். அவருக்கு நெருக்கமான ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச், ஜப்பானியக் குயவர் ஹமாடா ஷோஜியோடு சேர்ந்து 1920-ல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் பட்டறை தொடங்கியவர். அங்கே பிற்பாடு வீட்டுப் புழக்கத்துக்கான பாத்திரங்களும் தொடர்ந்து செய்தார்கள். செய்தவர்களே புழங்கத்தானே கொடுத்தார்கள், நாம் ஏன் பூட்டி வைக்க வேண்டும்?

*

முதல் பதிவு போட்டவள்தான். எல்லாவற்றையும் படித்தேன், அந்தத் தட்டு உடைந்த கதையைப் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

புழங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த கிண்ணத்தில் கொதிக்கக் கொதிக்க எதையும் ஊற்றாதீர்கள், திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். பழைய கிளேஸ் பாத்திரம் எங்கிருந்தாவது கிடைத்து, எதில் செய்தது என்று தெரியவில்லை என்றால் அதில் சாப்பாடு பரிமாற வேண்டாம். சில பழைய கிளேஸ்களில் ஈயம் உண்டு, புளிப்பு பட்டால் கரைந்து இறங்கும். விளிம்பு பெயர்ந்த கப்பையும் விருந்தாளிக்குக் கொடுக்க மாட்டேன், உதட்டைக் கிழித்துவிடும். அதில் பேனா போட்டு வைத்திருக்கிறேன்.

மரக் கிண்ணம் வைத்திருப்பவர்கள் யாரும் இன்னும் எழுதவில்லையே?