தீன் பத்தி (மூணு சீட்டு) தெரியும், த்ரீ கார்ட் போக்கர் டீல் பண்ணக் கத்துக்கணும். எங்கிருந்து தொடங்கறது?

கேத்தி_மஞ்சு

வணக்கம். குன்னூருக்கும் கேத்திக்கும் நடுவுல நாங்க நாலு பேர், ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிச்சவங்க. கோவா கப்பல் காசினோவுல டீலர் வேலைக்கு டேபிள் டெஸ்ட் இருக்கும்னு சொல்றாங்க. பிளாக்ஜாக் ஓரளவு பழகியாச்சு. அடுத்து த்ரீ கார்ட் போக்கர்.

நாலு பேருக்கும் தீன் பத்தி நல்லா தெரியும். ஆனா ஆன்டி (சீட்டு பார்க்கறதுக்கு முன்னாடி வைக்கற பந்தயம்), பிளே (பார்த்த பிறகு வைக்கறது), பேர் பிளஸ் (ஜோடியோ அதுக்கு மேலயோ வந்தா தனியா ஜெயிக்கற பந்தயம்), ஆன்டி போனஸ் (பெரிய கைக்கு ஆன்டி மேல கூடுதலா தர்றது)னு நாலு கணக்கு ஒண்ணா வரும்போது எதை முதல்ல தீர்க்கிறதுன்னு குழம்புது. ஷஃபிள் மெஷின் கிடையாது, கையாலதான் கலைக்கணும். இன்னொண்ணு, இங்க ஐப்பசி மழையில சீட்டெல்லாம் ஒட்டிக்கிட்டு கொத்துக் கொத்தா விழுது. அதுக்கு என்ன வழி? விவரமா சொன்னா நல்லா இருக்கும்.

லவ்டேல்_லோகோ

தீன் பத்தி தெரிஞ்சா பாதிக் கிணறு தாண்டியாச்சு தம்பி. மீதியை ஒரு வாரத்துல பிடிச்சிடலாம்.

பச்சைத்துணி

பாதிக் கிணறு தாண்டினா கிணத்துக்குள்ளதான் விழணும்! தீன் பத்தி பழக்கம் உள்ளவங்க இந்த ஆட்டத்தில் தடுமாறுவதே அந்தப் பழக்கத்தால்தான். முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

தீன் பத்தியில் மூணும் ஒரே எண்ணாக வரும் டிரெயில்தான் உச்சம். த்ரீ கார்ட் போக்கரில் அப்படி இல்லை. ஒரே ஜாதியில் (ஸ்பேட், ஆட்டின் போன்ற பிரிவு) வரிசையாக வரும் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் அதை வெல்லும். 52 சீட்டில் மூன்று சீட்டுக் கைகள் மொத்தம் 22,100. அதில் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் 48, டிரெயில் 52. எது அரிதோ அது மேலே, அவ்வளவுதான். அடுத்து ஸ்ட்ரெய்ட் (வரிசை மட்டும்) 720, ஃப்ளஷ் (ஒரே ஜாதி மட்டும்) 1,096, ஜோடி 3,744, ஒன்றுமில்லாத கை 16,440. இங்கே வெறும் ஸ்ட்ரெய்ட்டே வெறும் ஃப்ளஷை வெல்லும் என்பதைக் கவனியுங்கள். ஐந்து சீட்டுப் போக்கர் ஆடியவர்கள் இதைத் தலைகீழாகச் சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு பொறி ஏஸ்-2-3. தீன் பத்தியில் பல இடங்களில் அது ஏஸ்-ராஜா-ராணிக்கு அடுத்த இடம். இங்கே அதுதான் ஆகக் கீழான ஸ்ட்ரெய்ட். 2-3-4 கூட அதை வெல்லும். ராஜா-ஏஸ்-2 எங்குமே வரிசை ஆகாது. ஸ்பேட், ஆட்டின் என்று ஜாதிக்கு உயர்வு தாழ்வு கிடையாது. இரு கையும் சமமானால் ஆன்டி, பிளே இரண்டும் அப்படியே நிற்கும், யாரும் எடுக்கக் கூடாது. ஷோ கேட்டவன் தோற்றான் என்ற கதையெல்லாம் இங்கே செல்லாது.

பெரிய வேறுபாடு, இது ஆட்டக்காரருக்கும் டீலருக்கும் மட்டும் உள்ள ஆட்டம். மற்றவர்களை மிரட்டி விரட்ட முடியாது. இங்கிலாந்தில் டெரெக் வெப் 1994-இல் உருவாக்கியபோது பழைய பிராக் ஆட்டத்தை காசினோ மேஜைக்கு ஏற்றபடி மாற்றினார். தீன் பத்திக்கும் அந்த பிராக்தான் மூதாதை. அதனால்தான் பார்க்க ஒன்றுபோலத் தெரிகிறது.

இனி டீல். முதலில் 52 சீட்டையும் மலர்த்தி விரித்து, ஜாதிவாரியாக எல்லாம் இருக்கிறதா என்று கண்ணால் ஓட்டுங்கள். கவிழ்த்து, இரண்டு உள்ளங்கையாலும் மேஜை மேல் நன்றாகப் பிசைந்து கலையுங்கள். சேர்த்து அடுக்கி ரிஃபிள் (கட்டை இரண்டாகப் பிரித்து ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று இறக்குவது), மறுபடி ரிஃபிள், பிறகு ஸ்ட்ரிப் (மேலிருந்து பத்துப் பன்னிரண்டு சீட்டாக எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக வைப்பது), கடைசியாக ஒரு ரிஃபிள். பிறகு வெட்டி, அடியில் கட் கார்டு வரும்படி வையுங்கள். அடிச்சீட்டு யார் கண்ணிலும் படக் கூடாது, அதற்குத்தான் அந்த அட்டை.

ரிஃபிள் பண்ணும்போது சீட்டுக்கட்டை உயரத் தூக்கி வளைத்து அழகு காட்டாதீர்கள். டெஸ்டில் பார்ப்பது சீட்டின் முகம் தெரிகிறதா என்பதை. முன்புறம் மேஜையோடு ஒட்டியிருக்க, உங்கள் பக்கத்து மூலைகளை மட்டும் ஒரு விரற்கடை தூக்கினால் போதும்.

கையால் டீல் என்றால் உங்கள் இடது ஓரத்தில் இருப்பவரிலிருந்து ஒவ்வொரு சீட்டாக மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் கடைசியில் உங்களுக்கு. எல்லாம் கவிழ்த்து. மெஷின் உள்ள மேஜையில் மூன்று மூன்றாகவே வெளியே வரும், அதை அப்படியே நகர்த்தினால் போதும். டீல் முடிந்ததும் ஒரு சின்னச் சோதனை: ஏழு பேர் ஆடினால் 24 சீட்டு போயிருக்கும், கையில் 28 இருக்க வேண்டும். நீங்கள் நாலு பேர், மூணு ஆட்டக்காரர் ஒரு டீலர் என்றால் மிச்சம் 40. பயிற்சியில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை தவறினால் உங்கள் கட்டைவிரல் இரண்டு சீட்டைச் சேர்த்துத் தள்ளுகிறது என்று பொருள்.

உப்பாசி_ரோடு

பச்சைத்துணி அண்ணா சொன்னதோட ஒட்டி, பணம் தீர்க்கும் வரிசையைச் சொல்றேன். குழப்பம் இங்கதான்.

ஆட்டக்காரர் சீட்டு பார்க்கறதுக்கு முன்னாடியே ஆன்டி, பேர் பிளஸ் ரெண்டையும் வச்சிடணும். பார்த்த பிறகு ரெண்டே வழி: ஆன்டிக்குச் சமமா பிளே வைக்கலாம், இல்லைன்னா விடலாம். விட்டவரோட ஆன்டியும் பேர் பிளஸும் உடனே டிரேவுக்கு (காசினோவோட சிப் வில்லைகள் இருக்கற தட்டு) வந்துடும். விட்ட சீட்டை வாங்கினதும் மூணு இருக்கான்னு கவிழ்ந்தபடியே விரிச்சுப் பார்த்துட்டுத்தான் கழிவுப் பெட்டியில போடணும். எல்லாரும் முடிவு சொன்ன பிறகுதான் உங்க சீட்டைத் திறக்கணும்.

திறந்ததும் பெரிசிலிருந்து சிறிசா அடுக்கி வாய்விட்டுச் சொல்லணும்: "கிங் ஹை, குவாலிஃபைட்" இல்லைன்னா "ஜாக் ஹை, டஸ் நாட் குவாலிஃபை". ராணியோ அதுக்கு மேலயோ இருந்தாத்தான் டீலர் கை செல்லும். ஜாக்கி ஹையும் அதுக்குக் கீழும் 6,720 கை, அதாவது நூத்துக்கு முப்பது தடவை டீலர் தகுதி பெற மாட்டார்.

அப்புறம் உங்க வலது ஓரத்திலிருந்து ஒவ்வொருத்தரா முடிக்கணும். ஒருத்தரோட கணக்கு முழுசா முடியாம அடுத்தவர் சீட்டைத் தொடாதீங்க. ஒரே கையை மூணு விதமா பார்ப்போம். ஆன்டி 200, பிளே 200, பேர் பிளஸ் 100. கை 7-8-9, ஜாதி கலந்தது.

டீலர் தகுதி பெற்றுத் தோத்தா: ஆன்டிக்கு 200, பிளேக்கு 200, ஆன்டி போனஸ் ஸ்ட்ரெய்ட்டுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு 200, பேர் பிளஸ் ஆறு மடங்கு 600. மொத்தம் 1,200 வெளியே போகும்.

டீலர் தகுதி பெறலைன்னா: ஆன்டிக்கு 200, பிளே சும்மா நிக்கும், போனஸ் 200, பேர் பிளஸ் 600. மொத்தம் 1,000.

டீலர்கிட்ட 9-10-ஜாக்கி இருந்தா: ஆன்டியும் பிளேயும் சேர்த்து 400 உள்ளே வரும். ஆனாலும் போனஸ் 200-ம் பேர் பிளஸ் 600-ம் கொடுத்தே ஆகணும். புதுசா வர்ற டீலர் தவறுறது இந்த மூணாவதுலதான். தோத்த கைன்னு எல்லாத்தையும் வாரிடுவாங்க, மேல கேமராவுல இருக்கறவர் மணி அடிப்பார்.

ஆன்டி போனஸ் வழக்கமா ஸ்ட்ரெய்ட்டுக்கு 1, டிரெயிலுக்கு 4, ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷுக்கு 5. பேர் பிளஸ் ஜோடிக்கு 1, ஃப்ளஷ் 4 அல்லது 3, ஸ்ட்ரெய்ட் 6, டிரெயில் 30, ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் 40. காசினோவுக்குக் காசினோ மாறும், அதனால மேஜைத் துணியில அச்சடிச்சிருக்கறதுதான் சட்டம். ஃப்ளஷுக்கு 4 தர்ற மேஜையில வீட்டுக்கு (காசினோவுக்கு) மிஞ்சறது 2.32 சதவீதம். அதை 3 ஆக்கினா 7.28. ஒரே ஒரு எண் மாறினதுக்கு இவ்வளவு. ஆடறவங்க கண்ணு 40-லயே நிக்கறதால யாரும் கவனிக்கறது இல்லை.

வாய்ப்பாடு மனப்பாடம் வேணும். 75-க்கு 4, 6, 30, 40 மடங்கு என்னன்னு கேட்டா 300, 450, 2,250, 3,000-ன்னு யோசிக்காம வரணும். 25, 50, 75, 150, 175, 225 இந்த ஆறு தொகையையும் ஒரு தாள்ல எழுதி, ஒருத்தர் கேக்க மத்தவங்க சொல்லுங்க. சொல்றதோட விடாம சிப்பாவும் வெட்டி (அடுக்கா பிரிச்சு) வைக்கணும்: 2,250-ன்னா ஆயிரம் ரெண்டு, நூறு ரெண்டு, இருபத்தஞ்சு ரெண்டு.

கேத்தி_மஞ்சு

ரொம்ப நன்றி. மூணாவது விதத்தை நாங்க தப்பாத்தான் பண்ணிட்டிருந்தோம். சிப்புக்கு இப்ப கேரம் காய் வச்சுப் பழகறோம், அது சரியா? அப்புறம் ராணி-6-4 விதின்னு ஒண்ணு சொல்றாங்களே, அது டீலருக்கா ஆட்டக்காரருக்கா?

பச்சைத்துணி

ஆட்டக்காரருக்கு. ராணி-6-4 அல்லது அதற்கு மேல் இருந்தால் பிளே வைப்பது, கீழே இருந்தால் விடுவது. முதல் சீட்டு ஏஸோ ராஜாவோ என்றால் மற்ற இரண்டையும் பார்க்கவே வேண்டாம், வைக்கலாம். ராணி-7-2 வைக்கலாம். ராணி-6-3 விட வேண்டும்.

காரணம் எளிது. விட்டால் போவது ஓர் ஆன்டி, நிச்சயம். குப்பைக் கையோடு நின்றால் டீலர் தகுதி பெறாத 30 சதவீதத்தில் ஒன்று வரும், மீதி 70 சதவீதத்தில் இரண்டு போகும். கூட்டிக் கழித்தால் சராசரி நட்டம் 1.09 ஆன்டி. விடுவதைவிட அதிகம். ராணி-6-4 வரும்போது அது ஒன்றுக்குக் கீழே இறங்குகிறது. இந்த விதிப்படி ஆடினால் வீட்டின் பங்கு ஆன்டியில் 3.37 சதவீதம். டீலரைப் போலவே ராணி வந்தாலே நிற்பது என்று ஆடினாலும் 3.45 தான், பெரிய வித்தியாசம் இல்லை. பார்க்காமலே பிளே வைப்பவருக்கு 7.65.

ஆனால் மேஜையில் நின்றுகொண்டு இதை வாடிக்கையாளருக்குச் சொல்லாதீர்கள். "வைக்கலாமா?" என்று கேட்டால் சிரித்துவிட்டு, முடிவு உங்களுடையது என்று சொல்லும் அளவோடு நிறுத்த வேண்டும். ஒருவர் சீட்டை மற்றவருக்குக் காட்டினாலும் தடுக்க வேண்டியது டீலர்தான்.

கேரம் காய் வேண்டாம். அதன் கனம் ஏழு மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். சிப் மூன்றே கால் மில்லிமீட்டர்தான். இருபது சிப் அடுக்கினால் ஆறரை சென்டிமீட்டர், கைக்குள் அடங்கும். இருபது கேரம் காய் பதினான்கு சென்டிமீட்டருக்குக் குறையாது. அதில் பழகிய விரல் உண்மையான சிப்பில் ஆறும் ஏழுமாக வெட்டும். 11.5 கிராம் சாதாரண பிளாஸ்டிக் சிப் ஒரு பெட்டி வாங்குங்கள். இருபதை எடுத்து, ஆட்காட்டி விரலால் ஐந்து ஐந்தாக நான்கு அடுக்காக இறக்கப் பழகுங்கள். ஒன்றுக்கு ஒன்று கொடுக்கும்போது எண்ண வேண்டாம். பந்தயத்தின் பக்கத்தில் அடுக்கை ஒட்டி வைத்து, உயரம் சமமாகும் இடத்தில் ஆட்காட்டி விரலை ஓட்டி, மிச்சத்தைக் கையிலேயே எடுத்து வந்துவிடுங்கள்.

கொடநாடு_வியூ

மழை விஷயத்துக்கு வர்றேன். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் சோதனை. கூடலூர்க்காரங்களுக்கு ஆனியும் ஆடியும். காகிதச் சீட்டு ஈரத்தை இழுத்து ஊதிடும், ஓரம் தடிச்சு ரிஃபிள்ல ரெண்டு பாதியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு இறங்காது. முழு பிளாஸ்டிக் சீட்டு, போக்கர் அளவு (63-க்கு 88 மில்லிமீட்டர்) வாங்குங்க. அழுக்கானா வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு சோப்பு விட்டுத் துடைச்சு, துணியில பரப்பிக் காய வைங்க. ஹீட்டர், கணப்பு பக்கத்துல வச்சா வளைஞ்சிடும், வளைஞ்ச சீட்டு நிமிராது. நம்ம ஊர் பழக்கத்துல தைலம் போட்டுத் துடைக்கவே துடைக்காதீங்க. பிசுக்கு நிக்கும், மையும் கலங்கும். காகிதச் சீட்டுதான் இருக்குன்னா மூடி இறுக்கமா இருக்கற டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வைங்க, ஆடறதுக்கு முன்னாடி மட்டும் எடுங்க.

மேஜைக்குக் கம்பளி விரிக்கறது தப்பு. சிப் அடுக்கு சாயும், சீட்டு முடியில மாட்டும். பிளைவுட் பலகை, மேல மூணு மில்லி ஃபோம் ஷீட், அது மேல ஸ்னூக்கர் துணியை இழுத்து அடியில ஸ்டேப்பிள் அடிங்க. 1882-ல ஸ்னூக்கர் விதியை எழுதி வச்ச ஊர் ஊட்டி, பழைய மேஜையில கழட்டின துணி விசாரிச்சா கிடைக்கும். ஆன்டி, பிளே, பேர் பிளஸ் வட்டங்களைச் சுண்ணக்கட்டியில போட்டுக்கலாம். பேர் பிளஸ் மேலே, ஆன்டி நடுவுல, பிளே ஆட்டக்காரர் பக்கம்.

காசு மட்டும் வேண்டாம். தமிழ்நாட்டில 1930 சூதாட்டச் சட்டம் இன்னும் இருக்கு, பயிற்சின்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

லவ்டேல்_லோகோ

சரி, ஒரு வாரம்னு சொன்னதை ஒரு மாசம்னு மாத்திக்கறேன்.

கேத்தி_மஞ்சு

கடைசியா ஒண்ணு. டீல் நடுவுல ஒருத்தருக்கு நாலு சீட்டு போயிட்டா?

உப்பாசி_ரோடு

பெரும்பாலான இடங்கள்ல ஆட்டக்காரர் கையில எண்ணிக்கை தப்பினா அந்தக் கை மட்டும் செல்லாது, அவர் பந்தயம் அவர்கிட்டயே நிக்கும். டீலர் கையில தப்பினா எல்லார் கையும் செல்லாது. ஆனா அதை முடிவு பண்றது நீங்க இல்லை. சீட்டைத் திருப்பி எடுக்காதீங்க, கட்டுல சொருகாதீங்க. ரெண்டு கையையும் மேஜையில இருந்து எடுத்து, "ஃப்ளோர்"னு (மேற்பார்வையாளரை) கூப்பிட்டுட்டு நில்லுங்க. டெஸ்ட்ல வேணும்னே நாலாவது சீட்டைத் தள்ளிவிட்டுப் பார்ப்பாங்க. அங்க கை தானா போய் சீட்டை எடுத்துட்டா, ரிஃபிள் எவ்வளவு நல்லா இருந்தும் மார்க் போயிடும். மேஜையை விட்டு நகரும்போது ரெண்டு உள்ளங்கையையும் ஒரு தடவை தட்டி, திருப்பிக் காட்டிட்டு வாங்க. அதையும் வீட்டுலயே பழகிடுங்க.