மனைவி எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்ய நினைக்கிறாள்: தடுப்பதா, கூட நிற்பதா?

பொருநைக்கரை:
என் மனைவிக்கு 36 வயது. உயரம் 158 செ.மீ., எடை 112 கிலோ. ஐந்து வருடமாகச் சுகர். இப்போது இன்சுலின் வரைக்கும் வந்துவிட்டது. ராத்திரி அவளுடைய குறட்டை திடீரென்று நிற்கும். நான் எழுந்து, மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரல் வைத்துப் பார்ப்பேன். போன வாரம், இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் பற்றி விசாரித்துவிட்டு வந்து சொன்னாள். "உனக்கு எதுக்கு அதெல்லாம், நீ எப்படி இருந்தாலும் எனக்குப் பிடிக்கும்" என்றேன். முகம் வாடிப்போனது. அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "நல்லா இருக்கிற வயித்தை யாராவது வெட்டுவாங்களா" என்கிறார் என் அம்மா. எனக்கும் பயம்தான். தடுக்கலாமா?

கருவேலங்காடு:
தடுங்கள் நண்பரே. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. அப்புறம் ஆயுள் முழுக்க விட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரை. சென்னையில் 2024-இல் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போன ஒரு இளைஞர் உயிரோடு திரும்பவில்லை, செய்தியில் பார்த்திருப்பீர்கள். நடை, உணவுக் கட்டுப்பாடு, அதற்கும் மேல் வேண்டுமென்றால் 2025-இல் இந்தியாவுக்கு வந்த மவுஞ்சாரோ, வீகோவி ஊசிகள். இத்தனை வழி இருக்கும்போது கத்தி எதற்கு?

மல்லிகைப்பந்தல்:
என் கணவர் எடை குறைக்க இரைப்பை பைபாஸ் (இதய பைபாஸ் இல்லை) செய்து மூன்று வருடம் ஆகிறது. முதலில் ஒன்று சொல்கிறேன் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மனைவி உங்களிடம் பேச வந்தது தன் சுகரையும் மூச்சையும் பற்றி. நீங்கள் சொன்னது உங்களுக்குப் பிடிப்பதைப் பற்றி. நானும் அதையேதான் சொன்னேன். என் வீட்டுக்காரர் இரண்டு மாதம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தனியாகவே டாக்டரைப் பார்த்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டார். அந்த ரிப்போர்ட்டை பீரோவில் பார்த்த அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஆபரேஷன் முடிந்த முதல் வாரம் இருமல் மருந்து மூடியில் 30 மில்லி அளந்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் கொடுத்தேன். மடக்கென்று குடித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பிறகு வடிகட்டிய பருப்புத் தண்ணீர், அப்புறம் மசித்த முட்டை. முதன்முதலில் இட்லி சாப்பிட்ட அன்றைக்குக் கால் இட்லிக்கு இருபது நிமிடம். நாலாவது மாதம் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. பிறகு தானாக நின்றது. சுகரோ, வீடு திரும்புவதற்குள்ளேயே இறங்கிவிட்டது. இன்சுலின் அளவை டாக்டர்தான் பார்த்துப் பார்த்துக் குறைத்தார்.

கருவேலங்காடு:
அக்கா, உங்கள் வீட்டில் நல்லபடியாக முடிந்தது, சந்தோஷம். எல்லா வீட்டிலும் அப்படி நடப்பதில்லை. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. 2018-இல் வந்த அதன் கணக்கில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே பிரிவும் விவாகரத்தும் மற்றவர்களைவிட அதிகம். என் மாமா மகன் குடும்பத்திலேயே பார்த்தேன். 40 கிலோ குறைந்த பிறகு யாரோடு பேசுகிறாய், எங்கே போகிறாய் என்று தினமும் சண்டை. உடம்பு மாறினால் வீடும் மாறுகிறது. இதை மறைத்துவிட்டு ஒருவரை ஆபரேஷனுக்குத் தள்ளக் கூடாது.

மல்லிகைப்பந்தல்:
அதே ஆய்வில் தனியாக இருந்தவர்கள் துணை தேடிக்கொண்டதும் அதிகம். 2007-இல் வந்த அதன் முடிவில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவு. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் மாமா மகன் வீட்டில் சந்தேகப்பட்டது யார்? மெலிந்தவரா, கூட இருந்தவரா? என் வீட்டிலும் ஆறாவது மாதம் எனக்கு ஒரு பதற்றம் வந்தது. புதுச் சட்டை வாங்கினால்கூட உள்ளுக்குள் என்னமோ செய்யும். அவரிடமே சொல்லி அழுதேன். சொன்ன பிறகுதான் குறைந்தது.

ஊசியையும் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். செமாக்ளூடைடு, அதாவது வீகோவி மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது.

வெள்ளாற்றுப்பாலம்:
சண்டைக்கு நடுவே இரண்டு விஷயம். உங்கள் மனைவியின் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு, கிட்டத்தட்ட 45. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விதியில், டாக்டர் எழுதிக்கொடுத்து, பி.எம்.ஐ. 40-ஐ எட்டி, மற்ற முறைகளும் பலனளிக்கவில்லை என்றால், எடைக் குறைப்பு ஆபரேஷன், காப்பீட்டில் பணம் தராத விலக்குப் பட்டியலில் வராது. பழைய டயட் சீட்டு, சுகர் ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று பாலிசியில் பாருங்கள்.

இன்னொன்று, நெஞ்செரிச்சல் இருக்கிறதா? ஸ்லீவுக்குப் பிறகு அது கூடலாம்; அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் பைபாஸைச் சொல்வார்கள். அடுத்த குழந்தை பற்றி யோசனை இருந்தால் அதையும் இப்போதே டாக்டரிடம் பேசிவிடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

கருவேலங்காடு:
இந்த விவரமெல்லாம் சரி. ஆனாலும் ஆறு மாதம் ஊசியோடு முயன்று பார்த்துவிட்டுத்தான் கத்தி என்பதில் நான் மாறவில்லை. தூக்கத்தில் மூச்சு நிற்பதற்கு மட்டும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். ஸ்லீப் டெஸ்ட்டை உடனே எடுங்கள். மயக்கமருந்து கொடுக்கிறவருக்கும் அது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

பொருநைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி நானே பேச்சை ஆரம்பித்தேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தாள். அதில் பதினேழு கேள்வி. தையல் விட்டுப்போனால் எப்படித் தெரியும், விடாமல் வாந்தி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள். ஊசி பற்றியும் கேள்வி இருக்கிறது, கருவேலங்காடு அண்ணா. கடைசிக் கேள்வி டாக்டருக்கு இல்லை: "விசேஷ வீட்டில் அத்தை, இவ்வளவுதான் சாப்பிடுவியான்னு எல்லார் முன்னாடியும் கேட்டா நான் என்ன சொல்றது?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். காலையில் அம்மாவிடம் பேசிவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார், இன்னொரு நாள் மறுபடி பேசுவேன். ஸ்லீப் டெஸ்ட் திங்கட்கிழமை ராத்திரி. வியாழன் டாக்டரைப் பார்க்க லீவு போட்டாயிற்று. நோட்டில் பதினெட்டாவதாக நெஞ்செரிச்சலை எழுதிக்கொண்டோம்.