பிபி மிஷினைப் பார்த்ததும் எழுந்து போகும் ஆண்கள்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கீழத்தெரு தறி

எங்கள் தெருவுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் அக்கா ஒருவர் வருகிறார். தோளில் பை, பிபி மிஷின், சுகர் பார்க்கும் ஊசி, ஒரு நோட்டு, உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். அம்மாவுக்கு மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. அப்பா மட்டும் ஒரு தடவைகூடக் கையை நீட்டியதில்லை. அக்கா சந்து திரும்பும்போதே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தறிக்குப் போய்விடுவார்.

போன ஆடியில் ஒருநாள் கரண்ட் இல்லை, தறி ஓடவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் எழுவதற்குள் அக்கா வந்துவிட்டார். "அண்ணே, ஒரு நிமிஷம்தான்" என்று பட்டையைச் சுற்றினார். 190/110. எதுவும் சொல்லாமல் அவிழ்த்துவிட்டு, ஐந்து நிமிஷம் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் சுற்றினார். 188/108.

அப்பா மிஷினைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். "இப்பதான் டீ குடிச்சேன், அதான்" என்றார். அவர் டீ குடித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஏதோ தப்பு செய்து மகனிடம் பிடிபட்டவர் மாதிரி இருந்தது அந்த முகம். இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது மாத்திரை போடுகிறார், அம்மா கையில் வைத்தால் மட்டும். உங்கள் வீட்டு ஆண்களை எது வழிக்குக் கொண்டுவந்தது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சந்தைப்பேட்டை

எங்கள் ஊரில் சலூன்தான் கொண்டுவந்தது. கடைக்கார அண்ணனின் தம்பி 41 வயதில் பக்கவாதம் வந்து விழுந்தார். அதற்கப்புறம் அண்ணன் ஒரு பிபி மிஷின் வாங்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டார். முடி வெட்ட வருகிற எல்லாருக்கும் பார்ப்பார், காசு கிடையாது.

நான் பெஞ்சில் காத்திருந்த அன்று நாற்காலியில் வடை மாஸ்டர். ஒரு கன்னம் வழித்தாகிவிட்டது, மறு கன்னத்தில் சோப்பு நுரை. கையில் பட்டை. 176 என்று காட்டியது. அண்ணன் கத்தியை மடக்கி வைத்துவிட்டார். "மாமா, நாளைக்கு ஜிஎச்சுக்குப் போறேன்னு சொல்லுங்க. சொன்னாத்தான் இந்தப் பக்கம் வழிப்பேன்." கடையில் யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் "போறேன்டா" என்றார். மறுநாள் போகவும் செய்தார்.

அமெரிக்காவில் இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 52 சலூன்கள், பிபி அதிகமாக இருந்த 319 கருப்பின ஆண்கள். ஒரு பிரிவுக்கு மருந்தாளுநர்கள் சலூனுக்கே வந்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு முடி வெட்டுபவர் "உணவைப் பாரு, டாக்டரைப் பாரு" என்று சொன்னதோடு சரி. ஆறு மாதத்தில் முதல் பிரிவுக்கு மேல் அளவு சராசரியாக 27 குறைந்தது, இரண்டாவதற்கு 9 சொச்சம். 2018இல் முடிவு வெளியானது. ஆண்கள் எங்கே உட்காருகிறார்களோ அங்கே மருந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்

சந்தைப்பேட்டை நண்பருக்கு: நல்ல மனதோடுதான் செய்கிறார், ஆனால் ஷேவிங் நடுவில் பிபி பார்ப்பது தவறு. கழுத்தில் கத்தி இருக்கும்போது யாருக்கும் ஏறத்தான் செய்யும். நீங்கள் சொன்ன அந்த ஆராய்ச்சியிலேயே மருந்து எழுதியவர்கள் பயிற்சி பெற்றவர்கள், டாக்டர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு எழுதியவர்கள். அதை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது.

என் அண்ணனை ஒரு முகாமுக்குக் கூட்டிப்போனேன். வெயிலில் முக்கால் மணி நேரம் வரிசை. உட்கார்ந்த நொடியில் சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினார்கள். 160. இரண்டு இரவு தூங்கவில்லை மனிதர். வீட்டில் அமைதியாக வைத்துப் பார்த்தால் 128. அன்றிலிருந்து எந்த முகாமுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்கிறார்.

ஆகவே எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு முன் அரை மணி நேரம் டீ, காபி, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது. ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். பட்டை வெறும் கையில், கை மேஜை மேல், நெஞ்சு மட்டத்தில். அளக்கும்போது பேசாதீர்கள். ஒரு நிமிஷம் விட்டு மறுபடியும் பாருங்கள். முதல் தடவை இரண்டு கையிலும் பாருங்கள், எதில் கூடுதலோ அந்தக் கையிலேயே தொடருங்கள். பருத்த கைக்குப் பெரிய பட்டை வேண்டும், சின்னப் பட்டை கூட்டிக் காட்டும். குறைந்துவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைத்ததே அந்த மாத்திரைதான். வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல், நெஞ்சை அழுத்துதல் என்றால் மிஷினைத் தேடாமல் 108.

சந்தைப்பேட்டை

ஐயா, மாஸ்டருக்கு ஜிஎச்சில் முறையாக உட்காரவைத்துப் பார்த்தபோதும் 170க்கு மேல்தான். ஆஸ்பத்திரிக்கு வருகிறவருக்கு நீங்கள் சொல்வதெல்லாம் சரி. வாசலையே மிதிக்காதவரைப் பற்றித்தான் நான் எழுதினேன்.

இரண்டாவது மகளின் அப்பா

பிபி இல்லை, வேறு விஷயம். பொருந்தாது என்றால் எடுத்துவிடுங்கள்.

இரண்டு பிரசவமும் மனைவிக்கு ஆபரேஷன், ரத்தசோகை வேறு. மூன்றாவது தடவையும் அவளே படுக்க வேண்டாம் என்று குடும்பக் கட்டுப்பாட்டுக்கு நானே போனேன். கவுன்ட்டரில் இருந்த சிஸ்டர் தலையை நிமிர்த்தாமல் "சம்சாரம் எங்க? அவங்க ஆதார் குடுங்க" என்றார். "எனக்குத்தான் சிஸ்டர்" என்றேன். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். உள்ளே இருந்த இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டு, "இங்க வாங்க, இவர் தனக்குப் பண்ணிக்க வந்திருக்காராம்" என்றார். கேலி இல்லை, உண்மையாகவே சந்தோஷப்பட்டார். எனக்குத்தான் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

தழும்பில்லாத முறை, 1974இல் சீன டாக்டர் ஒருவர் கொண்டுவந்தது. மரத்துப்போக ஒரு ஊசி, சின்னத் துளை, தையல் கிடையாது. அரை மணி நேரத்தில் எழுந்து, அன்றைக்கே வீடு. மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வேண்டும், விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று வந்த பிறகே நிம்மதி. இவ்வளவுதான். ஆனால் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3.

அம்மா இரண்டு வாரம் பேசவில்லை. "மூட்டை தூக்குற புள்ளைக்கு இது எதுக்கு" என்று அழுதார். நான் இன்றும் மூட்டை தூக்குகிறேன். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

பை தூக்கும் அக்கா

கீழத்தெரு தம்பி, அந்தப் பையைத் தூக்குகிறவர்களில் நானும் ஒருத்தி. உங்கள் அப்பா மட்டும் இல்லை. நாங்கள் தெருவுக்குள் வரும் 10 மணிக்கு வீட்டில் ஆண்களே இருப்பதில்லை. அதனால் நான் காலை 6 மணிக்கு டீக்கடைக்கே போய்விடுகிறேன்.

ஆனால் ஓடுகிறவர்களை அலட்சியம் பிடித்தவர்கள் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு கொத்தனார் அண்ணனுக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்து வந்தேன். "போடுறீங்களா" என்றால் "போடுறேன்மா" என்பார். அளவு மட்டும் இறங்கவே இல்லை. ஒருநாள் அவர் மனைவி அரிசிப் பானைக்குள் கை விட்டு அள்ளி என் முன்னால் போட்டார். அத்தனையும் அட்டை அட்டையாக, ஒன்றுகூடப் பிரிக்காமல். அவர் தலை குனிந்து சொன்னார்: "மாத்திரை போட்டா கிறுகிறுன்னு வரும்ங்கிறாங்க. பிபி ஆளுன்னு தெரிஞ்சா மேஸ்திரி என்னைச் சாரத்துல ஏத்த மாட்டாரும்மா."

அது பயம் இல்லை, தம்பி. கூலி.

பம்ப்செட்

மேலே நெஞ்சழுத்தம் என்று படித்ததும் எழுதத் தோன்றியது. சித்தப்பாவுக்கு ராத்திரி 11 மணிக்கே நெஞ்சைப் பிசைந்திருக்கிறது. வாயு என்று நினைத்து ஓமத்தண்ணி குடித்துவிட்டு, விடியற்காலை 4 மணி வரை பம்ப்செட் ரூமில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிஸ்டர் அவர் உள்ளங்கையில் மாத்திரைகளை எண்ணி வைத்தார். ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8, மொத்தம் 14. 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டத்து மாத்திரைகள். விழுங்கவைத்து 108இல் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டார்.

ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "எல்லாரும் நாத்து நட்டு அசந்து தூங்கிட்டு இருந்தாங்க, எழுப்ப வேண்டாம்னுட்டேன்" என்றார். எங்கள் வீட்டுக்கும் பம்ப்செட்டுக்கும் நடுவில் நாற்பது அடிகூட இல்லை.

கீழத்தெரு தறி

எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எதுவும் பேசவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, "அந்தக் கொத்தனார் இப்ப மாத்திரை போடுறாரா?" என்று மட்டும் கேட்டார். அக்கா, போடுகிறாரா?

பை தூக்கும் அக்கா

போடுகிறார். டாக்டரிடம் சொன்னேன், கிறுகிறுப்பு வராத மாதிரி அளவை மாற்றிக் கொடுத்தார். மேஸ்திரியிடமும் நானே போய்ப் பேசினேன். போன வாரம் பார்த்தபோது 138/86. சாரத்தின் மேலேதான் இருந்தார், எனக்காக இறங்கி வந்து கையை நீட்டினார்.