‘மதுரை வீடு’ குழுவில் ஒரு கிம்ச்சி சனிக்கிழமை

டிசம்பர், முதல் சனிக்கிழமை

கவிதா (காலை 5:10): அம்மா எழுந்துவிட்டாயா? இங்கே கொரியாவில் மணி 8:40. நேற்று ராத்திரிதான் சுவோனிலிருந்து மாமியார் ஊருக்கு, ஹேநாமுக்கு, வந்து சேர்ந்தோம். காரில் ஐந்து மணி நேரம், பையன் ஜுன் பாதி வழியில் வாந்தி. இன்றைக்குக் கிம்ஜாங். வாசல் முழுக்க 60 பேச்சு.

செல்வம் மாமா: 60 பேச்சா? காலங்காத்தாலே எந்தக் கட்சி மேடை?

கவிதா: மாமா 😂 இங்கே சீன முட்டைக்கோசுக்குப் பெயரே பேச்சு. நீளமாக, உள்ளே மஞ்சளாக, ஒன்று 3 கிலோ கனக்கும். ஹேநாம் பேச்சு என்றால் இந்த நாட்டில் தனி மரியாதை.

அம்மா: 60 கோஸை வைத்துக்கொண்டு என்னடி செய்வார்கள், கல்யாணச் சமையலா?

கவிதா: குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுகிற கிம்ச்சியை, அதாவது கோஸ் ஊறுகாயை, ஒரே நாளில் போட்டு வைப்பதுதான்மா கிம்ஜாங். எங்களுக்கு, நாத்தனார் வீட்டுக்கு, மாமனாரின் தங்கை வீட்டுக்கு, எல்லாருக்கும் சேர்த்து. பக்கத்து வீட்டுப் பாட்டிகள் நாலு பேர் வந்திருக்கிறார்கள், அவர்கள் வீட்டு முறை வரும்போது மாமியார் போவார். நம் ஊரில் நடவுக்குக் கைமாற்றாக ஆள் போவார்களே, அதே கதை.

கார்த்தி: அக்கா, மீனா வர மாட்டேன் என்று ஒரே அழுகை என்றாயே, என்ன ஆச்சு?

கவிதா: அதைத்தான் சொல்ல வந்தேன். பள்ளிச் சாப்பாட்டில் அநேகமாக எல்லா நாளும் கிம்ச்சி உண்டு, இவள் தட்டில் மிச்சம் வைப்பாள். போன மாதம் பக்கத்தில் உட்கார்ந்த பையன் “நீ இந்தியா, அதனால்தான் உனக்குக் கிம்ச்சி இறங்கவில்லை” என்றானாம். சின்னப் பையன், என்ன தெரியும். ஆனால் அன்றிலிருந்து கிம்ச்சி டப்பாவைத் திறந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். நான் என் பங்குக்குப் பாடம் எடுத்தேன். 2013இல் யுனெஸ்கோ இந்தக் கிம்ஜாங் வழக்கத்தையே பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, நவம்பர் 22 கிம்ச்சி நாள் என்று நாடே கொண்டாடுகிறது, அந்தக் காலத்தில் ஜாடியில் போட்டு மண்ணில் புதைத்து வைப்பார்கள், எல்லாம் சொன்னேன். “அம்மா, போதும்” என்று கதவைச் சாத்திக்கொண்டாள். மாமியாருக்குப் போன் செய்து புலம்பினால் அவர் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. “சின்ன அளவில் ரப்பர் கையுறை கிடைக்குமா என்று கடையில் பார்க்கிறேன்” என்று வைத்துவிட்டார்.

சித்தி: அக்கா, உன் சம்பந்தியம்மா கெட்டிக்காரி.

கவிதா: கேளுங்கள் சித்தி. கோஸை நேற்றுச் சாயங்காலமே இரண்டாகப் பிளந்து கல்லுப்பில் போட்டுவிட்டார். தடித்த தண்டுப் பக்கம் உப்பு நிறைய, இலைப் பக்கம் சும்மா பெயருக்கு. நடுராத்திரி ஒரு தடவை மேல் கீழாகப் புரட்ட வேண்டும், 2 மணிக்கு மாமியார் எழுந்தபோது மீனாவும் கூடப் போயிருக்கிறாள், எனக்குத் தெரியவே தெரியாது. காலையில் அவளைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தண்டை நீட்டி “வளைத்துப் பார்” என்றார். ஒடிந்தால் இன்னும் ஊற வேண்டும், ஈரத்துணி போல மடிந்தால் எடுத்து அலசலாம். முதல் தொட்டியில் டக்கென்று ஒடிந்தது. “மீனா இன்னும் ஆகவில்லை என்கிறாள்” என்று மாமியார் அறிவித்ததும் நாலு பாட்டிகளும் கையை உதறிவிட்டுப் போய்க் காபி குடிக்க உட்கார்ந்துவிட்டார்கள். 8 வயசுப் பெண் சொல்லி நாலு பாட்டிகள் காத்திருக்கிறார்கள். அவள் நிமிர்ந்து நின்ற நிற்பைப் பார்க்க வேண்டுமே.

அம்மா: என் பேத்தியாச்சே. மிளகாய்ப் பொடி கிட்டே மட்டும் விடாதே, கண்ணில் பட்டுவிடும்.

கவிதா (9:50): அலசி, கவிழ்த்து வைத்து, தண்ணீர் வடிந்து இப்போதுதான் மசாலா. சிவப்பு ரப்பர் தொட்டி ஒன்று, அதில் ஜுன் தாராளமாகக் குளிக்கலாம். நீளநீளமாக அரிந்த முள்ளங்கி, பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாள், உப்பில் ஊறிய பொடி இறால், மீன் சாறு, கொச்சுகாரு மிளகாய்ப் பொடி. இதெல்லாம் இலையில் ஒட்ட வேண்டுமே, அதற்கு ஒட்டரிசி மாவில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். அந்தக் கஞ்சிக்குப் பெயர் ‘புல்’. மீனா ஒரே சிரிப்பு. “அம்மாச்சி ஊரில் புல்லை மாடு சாப்பிடும்” என்று பாட்டிகளிடம் சொல்ல, கொரிய மொழியிலும் புல் என்றால் புல்தான், பசையும் புல்தான் என்று அவர்கள் சொல்ல, அரை மணி நேரம் அதே பேச்சு. (முட்டைக்கோஸ் இல்லை மாமா, நிஜப் பேச்சு.)

செல்வம் மாமா: [பலமுறை பகிரப்பட்டது] கொரியர்கள் பேசுவது தமிழே! ஆதாரங்கள் இதோ!! அனைவருக்கும் பகிரவும்!!!

கவிதா: வந்துவிட்டதா 🙏 மாமா, அப்பா, நாள், புல் எல்லாம் காதுக்கு ஒன்றுபோல இருப்பது உண்மைதான். அதை வைத்து இரண்டும் ஒரே குடும்பம் என்று மொழி படித்தவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. என்னைக் கேட்டால் சமையலறைச் சொல்தான் சுவாரசியம். மசாலாவை நாக்கில் வைத்துப் பார்ப்பதை இவர்கள் ‘கான் பொதா’ என்கிறார்கள், அப்படியே நம் ‘உப்புப் பார்ப்பது’. உப்புக் குறைந்தால் ‘சிங்கொப்தா’. மனிதரையும் அப்படிச் சொல்வார்கள், நம் ஊர் உப்புச்சப்பில்லாத ஆள்தான். மீனா உப்புப் பார்த்துவிட்டு “சிங்கொவோ” என்று அறிவித்தாள், மாமியார் மறுபேச்சில்லாமல் இன்னும் கொஞ்சம் இறால் போட்டார். தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம், வாயைத் திறக்கவில்லை.

சித்தி: இறாலும் மீனும் இல்லாமல் கிம்ச்சி கிடையாதா? சித்தப்பா மாலை போட்டிருக்கிறார், வீட்டில் வெங்காயம் பூண்டுகூட இல்லை. நம் வீட்டு வாண்டுகள் வேறு போனில் பார்த்துவிட்டுக் கிம்ச்சி கிம்ச்சி என்று உயிரை எடுக்கிறார்கள்.

கவிதா: தாராளமாக உண்டு சித்தி. இங்கே புத்த மடங்களில் மீன் சாறும் கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது. ஐந்து காரமான பொருள்களை விலக்கிவிடுவார்கள். அந்த ஐந்தில் ஒன்று எது தெரியுமா? பெருங்காயம்! நீங்கள் பூண்டுக்குப் பதிலாக எதைப் போடுகிறீர்களோ அதுவே அங்கே தடை. குழந்தைகளுக்கென்றால் மிளகாய்ப் பொடி இல்லாத வெள்ளைக் கிம்ச்சி இருக்கிறது, பேரிக்காய் எல்லாம் அரிந்து போட்டு, அந்தத் தண்ணீரே குடிக்க நன்றாக இருக்கும். ஜுனுக்கு அதில் தனியாக ஒரு டப்பா போடுகிறோம். பள்ளி விட்டதும் உங்கள் வாண்டுகளை உட்கார வைத்துத் தண்டை வளைக்கச் சொல்லுங்கள், முறை அப்புறம் அனுப்புகிறேன்.

கவிதா (10:40): அம்மா, கண்ணைக் கசக்கிவிட்டாள். கையுறையோடு.

அம்மா: நான் சொன்னேனா இல்லையா!!! தண்ணீர் விட்டுக் கழுவு, தேய்க்காதே, போனைக் கீழே வை முதலில்.

கார்த்தி: 🙈

கவிதா (11:05): சரியாகிவிட்டது. மாமியார் மடியில் சாய்த்துக் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். ஒரு பாட்டி வந்து, “முதல் கிம்ஜாங்கில் நானும் கசக்கினேன், எனக்கு அப்போது 19 வயசு, கல்யாணமாகி ஒரு மாசம்” என்றார். மீனாவுக்கு அழுகை அங்கேயே நின்றுவிட்டது. நான் வீட்டுக்குள் அனுப்பப் பார்த்தேன், திரும்பவும் போய்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது இலை இலையாக விலக்கி, தண்டுப் பக்கம் மசாலாவைத் தடவி, கடைசியில் வெளி இலையை இழுத்து மூட்டை கட்டுவது போலச் சுற்றி வைக்கிறாள். அவள் கட்டிய நாலில் இரண்டு அவிழ்ந்துவிட்டது. மாமியார் அதைத் திருத்தவே இல்லை, அப்படியே டப்பாவில் வைக்கிறார். நான் கட்டியதை மட்டும் பிரித்துத் திரும்பக் கட்டினார், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

சித்தி: மருமகளுக்கு எந்த ஊரிலும் விடிவில்லை 😄

கவிதா (மதியம் 12:45): சாப்பாடு இப்போதுதான் ஆயிற்று. கிம்ஜாங் அன்று பன்றிக்கறியை வேகவைத்து, அன்று போட்ட பச்சைக் கிம்ச்சியோடு சாப்பிட வேண்டும். மாமியார் கரண்டியைத் தூக்கும்வரை மீனா காத்திருந்தாள். ஜுன் காத்திருக்கவில்லை, அதோடு கரண்டியைச் சோற்றில் நட்டுக்குத்தாகக் குத்தி வைத்தான். திதி கொடுக்கும்போது முன்னோருக்குத்தான் அப்படி வைப்பார்கள். மாமியார் மெல்ல எடுத்துப் பக்கத்தில் வைத்து, “தாத்தாவின் அப்பா இன்னும் வரவில்லை” என்றார். பையன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா: அதெல்லாம் இருக்கட்டும். மீனா சாப்பிட்டாளா?

கவிதா: மாமியார் உள்மஞ்சள் இலை ஒன்றை எடுத்து, மசாலாவைச் சுருட்டி, நீ எங்களுக்குக் கடைசி உருண்டை ஊட்டுவாயே, அதே மாதிரி நேராக வாய்க்குள் வைத்தார். மென்றாள், கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், இரண்டு டம்ளர் குடித்தாள். அப்புறம் “இன்னொன்று, சின்னதாக” என்றாள். திங்கட்கிழமை பள்ளியில் சாப்பிடுவாயா என்று நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். “அது கண்டிப்பாக உப்புச்சப்பில்லாமல்தான் இருக்கும், இது நான் போட்டது” என்கிறாள். டப்பா மூடியில் ஒரு பக்கம் கொரிய எழுத்தில், ஒரு பக்கம் தமிழில் ‘மீனா கிம்சி, தொடாதே’ என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். ‘ச்’ விட்டுப்போயிருக்கிறது, நான் திருத்தவில்லை.

அம்மா: திருத்தாதே. உன் மாமியார் கைமணத்தை ஒரு நாள் சாப்பிட வேண்டும். நானும் இங்கே இரண்டு கோஸில் போட்டுப் பார்க்கிறேன், 60 கோஸுக்கு எவ்வளவு உப்பு போட்டார் என்று கேட்டுச் சொல்.

கவிதா: கேட்டேன். “கை சொல்லும்” என்கிறார்.

அம்மா: நீ மாவடு கேட்டபோது நானும் அதைத்தான் சொன்னேன், அதெல்லாம் சரி. கிலோவில் கேட்டுச் சொல்.