பழைய எக்கோஸ்போர்ட்: டீசலா, மூணு சிலிண்டர் பெட்ரோலா, ஆட்டோமேட்டிக்கா? ஃபோர்டு போன பிறகு எதைப் பார்த்து எடுப்பது?

செங்கை_குமரன் (கேள்வி)

வணக்கம். ஃபோர்டோட சின்ன எஸ்யூவி எக்கோஸ்போர்ட் மூணு பார்த்து வச்சிருக்கேன், மூணும் சென்னைப் பதிவு.

அ) 2016 டீசல் 1.5 டிடிசிஐ, மேனுவல், 96,000 கி.மீ. சர்வீஸ் பில் எல்லாம் இருக்கு, டைமிங் பெல்ட் மாத்தினதா பில் இல்லை.
ஆ) 2019 பெட்ரோல் 1.5, மூணு சிலிண்டர், மேனுவல், 58,000 கி.மீ. கடைசி ரெண்டு வருஷ சர்வீஸ் வெளி கராஜ்ல. என்ன ஆயில் ஊத்தினாங்கன்னு யாருக்கும் தெரியல.
இ) 2015 பெட்ரோல் ஆட்டோமேட்டிக், 44,000 கி.மீ. மூணுலயும் விலை கம்மி இதுதான்.

ஓட்டம் பெரும்பாலும் ஜிஎஸ்டி ரோடு, மாசம் 900 கி.மீ. வரும். எந்த எஞ்சினை எடுக்கலாம், எடுக்கிறதுக்கு முன்னாடி எதை எதைப் பார்க்கணும்? ஃபோர்டு இங்க கார் தயாரிக்கிறதை நிறுத்திடுச்சே, பார்ட்ஸ் இன்னும் எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும்? கம்பெனி திரும்ப வருதுன்னு வேற சொல்றாங்க.

ஸ்பேனர்14

முதல்ல இ-யை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க. விலை ஏன் கம்மின்னா அந்த கியர்பாக்ஸ்தான்.

2013 முதல் 2017 ஃபேஸ்லிஃப்ட் (முகம் மாத்தின மாடல்) வரைக்கும் வந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக் எல்லாத்துலயும் பவர்ஷிஃப்ட் என்கிற ஆறு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி. ரெண்டு கிளட்சும் உலர் கிளட்ச், ஆயில்ல முங்காது. கார் நெரிசல்ல ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடிச்சபடியே தேய்ஞ்சுக்கிட்டு இருக்கும், சூடு வெளியேற வழி இல்லை. இன்புட் ஷாஃப்ட் சீல் கசிஞ்சா ஆயில் கிளட்ச் மேல படும். அப்போ ஒண்ணுல இருந்து ரெண்டாவது கியருக்குப் போகும்போது வண்டி உதறும். மூணாவது பிரச்சினை டிசிஎம். கியரைக் கட்டுப்படுத்துற அந்த மின்னணுப் பெட்டி கியர்பாக்ஸ் மேலயே உட்கார்ந்திருக்கு. சூட்டுலயும் அதிர்வுலயும் உள்ளே இணைப்பு விட்டுப்போகும். ஒரு நாள் ரிவர்ஸ் விழாது, இன்னொரு நாள் ஸ்டார்ட்டரே சுத்தாது. ஸ்கேன்ல யு0101 அல்லது பி0902 என்கிற பிழைக் கோடு வந்தா முதல்ல டிசிஎம்மைத்தான் சந்தேகப்படணும்.

இதே பெட்டிக்காகத்தான் அமெரிக்காவுல ஃபியஸ்டா, ஃபோகஸ் ஓனர்கள் கூட்டு வழக்குப் போட்டு சமரசத் தொகை வாங்கினாங்க. ஓடோமீட்டர் 44,000 காட்டுறதை நல்ல அறிகுறியா எடுத்துக்காதீங்க. சிட்டி 44,000-ன்னா இந்த கிளட்சுக்கு ஹைவே ஒரு லட்சத்தை விட மோசம். ஆட்டோமேட்டிக் கட்டாயம் வேணும்னா 2017 நவம்பருக்கு அப்புறம் வந்த ஃபேஸ்லிஃப்ட் பாருங்க, அதுல டார்க் கன்வெர்ட்டர், உலர் கிளட்சுக்குப் பதிலா ஆயில் வழியா விசையைக் கடத்துற வகை. கதையே வேற.

எண்ணெய்க்குப்பி

ஆ பற்றி எழுதுகிறேன். அதில் இருப்பது டிராகன் என்று ஃபோர்டு பெயர் வைத்த மூன்று சிலிண்டர் எஞ்சின். 123 பிஎஸ் (குதிரைத்திறன்), நன்றாக இழுக்கும். பிரச்சினை டைமிங் பெல்ட் ஓடும் இடத்தில். ரப்பர் பெல்ட், ஆனால் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்தபடி ஓடுகிறது. உராய்வு குறையும், சத்தம் குறையும் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. அந்த ரப்பர் ஒரு குறிப்பிட்ட ஆயிலுக்குத்தான் தாங்கும் என்பதை ஊர் கராஜ்கள் கணக்கில் எடுக்கவில்லை.

தவறான ஆயில் ஊற்றினால், அல்லது குளிர்ந்த எஞ்சினிலேயே குட்டிக் குட்டி ஓட்டம் ஓட்டி ஆயிலில் பெட்ரோல் கலந்தால், பெல்ட் மெல்ல வீங்கி மேற்பரப்பு உதிரத் தொடங்கும். உதிர்ந்த தூள் சம்ப்பில் (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறங்கி ஆயில் பம்பின் வலையை அடைக்கும். பெல்ட் அறுந்து நிற்பதற்கு முன்பே ஆயில் அழுத்தம் விழுந்து பேரிங், கேம்ஷாஃப்ட் எல்லாம் போய்விடும். பெல்ட்டுக்கு 10 வருடம் ஆயுள் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். அந்த ஆயுள் சரியான ஆயில் ஊற்றிய வண்டிக்கு மட்டும்.

ஆகவே ஆ-வை எடுப்பதானால்:

ஓனர் மேனுவலில் ஆயில் குறியீடு போட்டிருக்கும். ஒரு லிட்டர் 1.0 ஈக்கோபூஸ்ட்டுக்கு டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி, 5டபிள்யூ-20. டிராகனுக்கு மேனுவலில் உள்ளது எதுவோ அதே குறியீடு டப்பாவின் பின்பக்கம் அச்சாகியிருக்க வேண்டும். "எல்லா ஃபோர்டுக்கும் ஏற்றது" என்ற வாசகம் குறியீடு ஆகாது.

விலை பேசும் முன் சம்ப்பைக் கழற்றி வலையைப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. வலையில் கறுப்பு நார், ரப்பர் துகள் இருந்தால் வண்டியை விட்டுவிடுங்கள். சுத்தமாக இருந்தால், முந்தைய ஓனர் கேஸ்கெட்டுக்கும் ஆயிலுக்கும் கொடுக்கச் சம்மதிக்காவிட்டாலும் நீங்களே கொடுக்கலாம். எஞ்சின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

ஆயில் விளக்கு சூடான எஞ்சினில் ஐடிலில் மின்னி மறைந்தால், சென்சார் கோளாறு என்று விற்பவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

நாலுசிலிண்டர்

@எண்ணெய்க்குப்பி சொன்ன மெக்கானிசம் எல்லாம் சரி, ஆனா படிக்கிறவங்க டிராகன்னாலே வெடிகுண்டுன்னு நினைச்சுடக் கூடாது. இந்தப் பேர் கெட்டதுக்குப் பாதிக் காரணம் ஐரோப்பாவுல வந்த 1.0 ஈக்கோபூஸ்ட். அது டர்போ, நேரடி இன்ஜெக்‌ஷன். ஆயில்ல பெட்ரோல் கலக்குறது அதுல அதிகம், ஆயில் சூடும் அதிகம். டிராகன் டர்போ இல்லாதது, போர்ட் இன்ஜெக்‌ஷன், அதாவது பெட்ரோல் சிலிண்டருக்குள்ள நேரா இல்லாம காத்து உள்ளே வர்ற வழியில தெளிக்கப்படும். ஒரே பெல்ட் தத்துவம், ஆனா பெல்ட் படுற பாடு வேற.

அமெரிக்காவுல 2018–22 எக்கோஸ்போர்ட் 1.0-க்கும் 2016–18 ஃபோகஸ் 1.0-க்கும் ரீகால் வந்ததே, அது ஆயில் பம்பை ஓட்டுற பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர். டைமிங் பெல்ட் இல்லை. ரெண்டையும் குழப்பி யூட்யூப்ல பேசுறாங்க. (அந்த அமெரிக்க எக்கோஸ்போர்ட் எல்லாம் நம்ம மறைமலை நகர்ல செஞ்சு கப்பல் ஏறினதுதான். சேசிஸ் நம்பர் எம்ஏஜே-ன்னு ஆரம்பிக்கும், உங்க வண்டில இருக்கிற அதே மூணு எழுத்து.)

10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அப்போ சரியான ஆயில் மாத்தின டிராகனைத் தாராளமா எடுக்கலாம். கேட்டவருடைய ஆ வண்டியில அந்த ஆதாரம் இல்லாததுதான் குறை, எஞ்சின் இல்லை.

2013–17 பழைய நாலு சிலிண்டர் 1.5 பெட்ரோல் மேனுவல் கிடைச்சா அதையும் பாருங்க. 112 பிஎஸ், பெல்ட் உலர் பெல்ட், வெளியே இருக்கு. ஒரே எச்சரிக்கை: கிராங்க் புல்லிக்கும் கேம் புல்லிக்கும் சாவி வெட்டு (ஷாஃப்ட்டோட நகராம பூட்டிப் பிடிக்கிற காடி) கிடையாது. போல்ட் இறுக்கத்துலதான் டைமிங் நிக்குது. லாக்கிங் டூல் இல்லாம பெயிண்ட் குறி போட்டு பெல்ட் மாத்துற மெக்கானிக்கிட்ட விடாதீங்க. கிராங்க் போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது, புதுசுதான்.

டிடிசிஐ_பித்தன்

மாசம் 900 ஜிஎஸ்டி ரோடுன்னா அ தான். 2016-ன்னா 100 பிஎஸ் ஆக்கின பிறகு வந்ததான்னு சேசிஸ் நம்பர் வச்சுப் பார்த்துக்கோங்க, அதுக்கு முன்னாடி 90 சொச்சம். ஓட்டத்துல பெரிய வித்தியாசம் இல்லை, விலை பேச உதவும்.

வண்டி பார்க்கப் போறப்போ எஞ்சின் ஆறியிருக்கணும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. போனதும் பானெட் மேல கை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா இன்னொரு நாள் வர்றோம்னு சொல்லிட்டுக் கிளம்புங்க.

டைமிங் பெல்ட்: பில் இல்லைன்னா மாத்தலைன்னுதான் அர்த்தம். பத்து வருஷம் ஆன ரப்பர், கி.மீ. எவ்வளவா இருந்தா என்ன. பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் நாலையும் சேர்த்து மாத்துங்க. வாட்டர் பம்பை ஓட்டுறதே அந்த பெல்ட்தான், பம்ப் பேரிங் சிக்கினா புது பெல்ட்டும் போயிடும். அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதும். இந்தச் செலவை விலையில கழிச்சுப் பேசுங்க.

இன்ஜெக்டர் அடி: மேல் பிளாஸ்டிக் மூடியைக் கழட்டிப் பாருங்க. இன்ஜெக்டர் சுத்தி கறுப்பா தார் மாதிரி படிஞ்சிருந்தா செப்பு வாஷர் கசியுது. குளிர்ந்த ஸ்டார்ட்டுல "சஃப் சஃப்"னு சத்தம் வரும். வாஷர் விலை கம்மி. ஆனா விட்டு வச்சா கார்பன் இறுகி இன்ஜெக்டரை வெளியே எடுக்கிறதே பெரிய போராட்டம் ஆயிடும். ஏசி காத்துல புகை வாசனை வந்தாலும் இதைத்தான் சந்தேகப்படணும்.

கிளட்ச்: ரிலீஸ் பண்ற சிலிண்டர் கியர்பாக்ஸ் உள்ளயே, ஷாஃப்ட்டைச் சுத்தி உட்கார்ந்திருக்கு. பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஃப்ளூயிட் டப்பா. ஃப்ளூயிட் குறையுது, நாலு சக்கரத்துலயும் கசிவு இல்லைன்னா உள்ளே சிலிண்டர் கசியுதுன்னு வச்சுக்கலாம். பெடல் பாதியில நின்னாலும் அதேதான். கிளட்ச் மாத்தும்போது பிளேட், கவர் மட்டும் மாத்தி சிலிண்டரை விட்டீங்கன்னா மூணு மாசத்துல திரும்பவும் கியர்பாக்ஸை இறக்கணும். அந்தக் கூலி ரெண்டு தடவை வேண்டாம்.

இன்டர்கூலர் ஹோஸ் (டர்போ காத்தைக் குளிர்விக்கிற பெட்டிக்குப் போற குழாய்): மூணாவது கியர்ல 1,500 ஆர்பிஎம்ல இருந்து முழுசா அழுத்துங்க. விசில் சத்தம், கறுப்புப் புகை, இழுவை இல்லைன்னா ஹோஸ் வெடிப்பு. டர்போ போச்சுன்னு பயமுறுத்துவாங்க. முதல்ல ஹோஸைப் பாருங்க.

2016 டீசல்ல டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கிற வடிகட்டி) கிடையாது, அது ஒரு நிம்மதி. 2020 பிஎஸ்6 டீசல் எடுக்கிறவங்கதான் வாரத்துக்கு ஒரு தடவை ஹைவேல 15–20 நிமிஷம் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல நிறுத்தாம ஓட்டணும். இல்லைன்னா வடிகட்டியில கரி அடைச்சு, எரிக்கிறதுக்கு ஊத்துற டீசல் ஆயில்ல கலந்து டிப்ஸ்டிக்ல அளவு ஏறும்.

பழையஐகான்

பார்ட்ஸ், கம்பெனி வரலாறு இரண்டுக்கும் சேர்த்தே பதில். ஒன்றைத் தெரிந்தால் மற்றது புரியும்.

ஃபோர்டு இந்தியாவுக்கு முதலில் வந்தது 1926-ல், கனடா ஃபோர்டின் துணை நிறுவனமாக. 1950-களில் மூடிவிட்டுப் போனது. இரண்டாம் வருகை 1995-ல், மஹிந்திராவோடு கூட்டு. எஸ்கார்ட் காரை நாசிக்கில் பாகங்களை இணைத்துத் தயாரித்தார்கள். 1998-ல் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு தனியாக நடத்தத் தொடங்கினார்கள். மறைமலை நகரில் 1999-ல் ஐகான். பிறகு ஃப்யூஷன், ஃபியஸ்டா, 2010-ல் ஃபிகோ, 2013-ல் எக்கோஸ்போர்ட். 2015-ல் குஜராத் சனந்தில் இரண்டாவது ஆலை. அதுதான் தவறான கணக்கு என்பது என் கருத்து. ஒரு ஆலையையே நிரப்ப முடியாத விற்பனையில் இரண்டாவது. 2021 செப்டம்பர் 9 அன்று நிறுத்துகிறோம் என்றார்கள், பத்து ஆண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று காரணமும் சொன்னார்கள். சென்னையில் ஏற்றுமதி எக்கோஸ்போர்ட் 2022 வரை வந்தது. சனந்தின் கார் ஆலையை டாடா 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது.

"திரும்ப வருகிறது" என்பது பாதி உண்மை. 2024 செப்டம்பரில் மறைமலை நகர் ஆலையை ஏற்றுமதிக்குப் பயன்படுத்த விருப்பக் கடிதம் கொடுத்தார்கள். 2025 அக்டோபரில் 3,250 கோடி முதலீட்டில் எஞ்சின் தயாரிப்பு என்று அறிவிப்பு, உற்பத்தி 2029-ல் தொடக்கம். செய்யப்போவது எஞ்சின், போகப்போவது வெளிநாடு. உங்கள் எக்கோஸ்போர்ட்டுக்கு அதனால் ஒரு பம்பர் கிளிப்பும் கூடுதலாகக் கிடைக்காது.

பார்ட்ஸை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் செட், பெல்ட் கிட், பேரிங்: கவலையே இல்லை. ஃபிகோ, ஆஸ்பயர், ஃபியஸ்டாவோடு பல பாகங்கள் பொது. ஃபோர்டின் சொந்தப் பெயரான மோட்டார்கிராஃப்ட் இல்லாவிட்டால் அதே பாகத்தை ஃபோர்டுக்கே செய்து கொடுத்த லுக், பாஷ், வேலியோ பெட்டியில் சென்னையின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். பார்ட் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஏதோ ஒன்றைத் தருவார்கள்.

லோயர் ஆர்ம், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட்: கிடைக்கும், தரம்தான் கலவை. மலிவான லிங்க் ராடு சில மாதத்தில் மறுபடி "கட கட" என்னும்.

ஹெட்லைட், டெயில்கேட், பம்பர், மீட்டர், இன்ஃபோடெயின்மென்ட் திரை: இவைதான் சிக்கல். ஆர்டர் போட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடலாம், ஆனால் 2017-க்கு முந்தைய முகமும் பிந்தைய முகமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பின்கதவில் ஸ்டெப்னி தொங்குகிறதே, பின்னால் யாராவது லேசாக இடித்தாலும் அந்த அடி கதவுக்குப் போகும். கதவின் கீல் பக்க இடைவெளி மேலும் கீழும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். சமமாக இல்லாவிட்டால் இடி வாங்கிய வண்டி.

அதனால் இன்சூரன்ஸில் பம்பர்-டு-பம்பர் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத காப்பீடு) கிடைக்கிற வயதில் உள்ள வண்டியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2016 வண்டிக்கு அது கிடைப்பது கஷ்டம்.

செங்கை_குமரன்

எல்லாருக்கும் நன்றி. இ வேண்டாம்னு முடிவு. ஆ ஓனர் சம்ப் கழட்ட ஒத்துக்கலை. அ-வுக்கு ஸ்கேன் பண்ணணும்னா எந்தக் கருவி வாங்கலாம்? அலாய் வீல் வேற போட்டிருக்கு, கம்பெனி மாதிரி தெரியல.

ஸ்பேனர்14

ஒத்துக்கலைன்னா அதுவே பதில்.

ஃபோர்ஸ்கேன் மென்பொருள், கூடவே வண்டியோட ஸ்கேன் சாக்கெட்ல சொருகுற இஎல்எம்327 அடாப்டர். ஆனா ஹெச்எஸ்-கேன், எம்எஸ்-கேன் (வண்டியோட மின்னணுப் பெட்டிகள் பேசிக்கிற ரெண்டு தனி இணைப்பு) மாத்துற சுவிட்ச் உள்ளதா வாங்குங்க. சுவிட்ச் இல்லாத மலிவு அடாப்டர்ல எஞ்சின் மாதிரி ஹெச்எஸ்-கேன்ல உள்ள மாட்யூல் மட்டும் தெரியும், எம்எஸ்-கேன்ல உள்ளது தெரியாது. இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப், எல்லா மாட்யூலையும் ஒரு சுத்து படிங்க. படிச்சதைச் சேமிச்சுட்டு அழிங்க. 20 கி.மீ. ஓட்டிட்டு மறுபடி படிங்க. திரும்பி வர்றதுதான் நிஜமான கோளாறு. "எந்தக் கோடும் இல்லை, மானிட்டர் (வண்டி தானே செஞ்சுக்கிற சோதனை) எதுவும் முடியலை"ன்னு வந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடியே யாரோ அழிச்சிருக்காங்க. பிழை பதிவான கி.மீ. சில மாட்யூல்ல இருக்கும். அது மீட்டரை விட அதிகமா காட்டினா மீட்டரைச் சுத்தியிருக்காங்க.

அலாய்: 4 போல்ட், 108 மி.மீ. வட்டம், நடு ஓட்டை 63.4 மி.மீ. நடு ஓட்டை பெருசா உள்ள வீல் போட்டு, அந்த இடைவெளியை நிரப்புற ஹப் ரிங் போடாம விட்டிருந்தா 80-க்கு மேல ஸ்டீயரிங் ஆடும். பேலன்ஸிங் எத்தனை தடவை பண்ணாலும் தீராது. ஒரு வீலைக் கழட்டி ஹப்ல கைவிட்டுப் பார்த்தாலே தெரிஞ்சிடும்.