‘பாவனை’ வேண்டாம், ‘தரவு வெள்ளோட்டம்’ என்போம்

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருமுன் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேசனுக்கு (simulation) ‘பாவனை’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். அங்கே அது பொருந்தலாம். யாழ்ப்பாணத்தில் பாவனை என்றால் பயன்பாடு. மின்சாரம் பெறுபவர் மின்பாவனையாளர்; கெட்டுப்போன அரிசி ‘மனிதப் பாவனைக்கு உதவாதது’. நான் மொழிபெயர்க்கும் கையேட்டில் ‘நோயாளர் காவுவண்டிப் (ஆம்புலன்ஸ்) பாவனை’ என்று எழுதினால், வண்டியை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்ற கணக்கு என்றே எங்கள் தாதியரும் சாரதிகளும் எடுத்துக்கொள்வார்கள்.

‘ஒத்திகை’யும் சரிவராது. சுனாமி ஒத்திகையில் ஆட்கள் உண்மையாகவே ஓடுகிறார்கள். இங்கே ஓடுபவை எண்கள்.

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறையில் ஒரு காவுவண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு 10 மணிக்கு 1990 என்ற காவுவண்டி அவசர எண்ணுக்கு அழைப்பு: நெஞ்சுவலி. வண்டி நோயாளரை ஏற்றி, பண்ணைப் பாலம் கடந்து, யாழ். போதனா வைத்தியசாலையில் ஒப்படைத்துத் திரும்ப வேண்டும். அதற்குள் தீவுப்பகுதியில் இன்னோர் அழைப்பு வந்தால் யார் போவது? நெடுந்தீவு என்றால் குறிகட்டுவான் இறங்குதுறை வரை படகில்தான் கொண்டுவர வேண்டும். காற்றும் கடலும் இடம்கொடுக்க வேண்டும். அழைப்புகள் வரும் நேரம், பாதையில் செல்லும் நேரம், ஒப்படைக்க எடுக்கும் நேரம் எல்லாவற்றையும் பழைய பதிவுகளிலிருந்து எடுத்து, ஓர் ஆண்டைக் கணினியில் 1000 தடவை ஓடவிடுகிறோம். ஒவ்வொரு தடவையும் அழைப்புகள் வேறு வரிசையில் வந்து விழும். சராசரி அழகாக இருக்கும்போதே, சில இரவுகளில் யாரோ ஒருவர் நெடுநேரம் காத்துக்கிடப்பது அப்போதுதான் கண்ணில் படும். வண்டியை வேலணையில் நிறுத்தினால் அந்தக் காத்திருப்பு குறையுமா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

இதற்கு எனக்குத் தோன்றும் சொல் ‘வெள்ளோட்டம்’. புதுத்தேர் செய்தால் சுவாமியை ஏற்றாமல் வீதியில் இழுத்துப் பார்க்கிறோம். அச்சு எங்கே முனகுகிறது, எந்தத் திருப்பத்தில் சில்லு இறுகுகிறது என்பது அன்றே தெரிந்துவிடும். உயிரை ஏற்றுவதற்கு முன் திட்டத்தை ஓட்டிப் பார்ப்பதும் அதே அக்கறைதான்.

தேர் வெள்ளோட்டத்தில் தேராவது உண்மை, இங்கே வண்டியே இல்லையே என்று கேட்பீர்கள். அதனால்தான் ‘தரவு’ என்ற முன்சொல்லைச் சேர்க்கிறேன். ஒரு வசதியும் உண்டு: ஒவ்வொரு தடவையையும் ‘ஓட்டம்’ என்றே சொல்லலாம், 1000 ஓட்டங்கள் என்று. வினைக்கும் ‘வெள்ளோட்டம் விடுதல்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.

இதைச் செய்யும் மென்பொருளுக்குத்தான் பெயர் அமையவில்லை. ‘வெள்ளோட்டி’ என்றால் சாரதியைச் சொல்வதுபோல ஒலிக்கிறது. ‘வெள்ளோட்டக் களம்’ ஓரளவு பரவாயில்லை. வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. அதற்குள் நல்ல சொல் கிடைத்தால் எழுதுங்கள்.